திருச்சியில் சூரியனும் இல்லை, கையும் இல்லை: கூட்டணிக் கட்சிக்குத் தனிச் சின்னம் எதற்கு?

கந்தர்வகோட்டைப் பையன் எழுதியது:

2024 மக்களவைத் தேர்தலில் இருந்தே மண்டையைக் குடையும் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் என்றாலும் எம்.பி. தேர்தலுக்குத் திருச்சித் தொகுதி. (2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டை எம்.பி. தொகுதியே காணாமல் போனது தனி வயிற்றெரிச்சல், அதை இன்னொரு நாள் பேசுவோம்.) எங்கள் அப்பத்தா பரம்பரை தி.மு.க. பூத்திலிருந்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சூரியனை எங்கடா ஒளிச்சு வச்சானுவ?"

கேட்டது நியாயம்தான். 2019 எம்.பி. தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் எங்களுக்குக் காங்கிரஸ், கைச் சின்னம். 2021 சட்டமன்றத்துக்கு மார்க்சிஸ்ட், அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். 2024இல் ம.தி.மு.க., தீப்பெட்டி. எங்கள் ஊர் மிஷினில் 2019இலிருந்து சூரியன் உதிக்கவே இல்லை. கை என்றால் அப்பத்தாவுக்குத் தெரியும். அரிவாள் சுத்தியலும் தெரிந்ததுதான். தீப்பெட்டியை எங்கே போய்த் தேடும்? பேலட் யூனிட்டே ஒன்றுக்கு மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். கடைசியில் எதை அமுக்கியது என்று கேட்டால் "அது என் சங்கதி" என்கிறது.

என் கேள்வி மூன்று.

ஒன்று, தி.மு.க. கூட்டணி வேட்பாளர்தானே, பேசாமல் உதயசூரியனிலேயே நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? திருச்சி கூட்டத்தில் ம.தி.மு.க. வேட்பாளர் துரை வைகோ கண் கலங்கி, எங்கள் சின்னத்தில்தான் நிற்பேன் என்று பேசியது எல்லா டி.வி.யிலும் வந்தது. ஒரு சின்னத்துக்கு அவ்வளவு உணர்ச்சியா?

இரண்டு, ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சியின் சின்னத்தில் நிற்பது சட்டப்படி சரியா?

மூன்று, நிஜமாகவே சின்னம் மாறினால் ஓட்டு குறையுமா? திருச்சியில் 3 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்கள், அதைப் பார்த்தால் குறையவில்லை போலத்தான் இருக்கிறது.

---

வளவனூர் வாத்தியார் எழுதியது:

தம்பி, தேர்தல் பணிக்குப் போய்ப் போய் எனக்கு இந்தச் சட்டம் கொஞ்சம் மனப்பாடம். உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்து வருகிறேன், அது சுலபம்.

சரிதான், சட்டப்படி தடை இல்லை. ஆனால் சூரியனில் நிற்க வேண்டும் என்றால் தி.மு.க. தலைமை கையெழுத்துப் போட்ட ஏ பாரமும் பி பாரமும் வேட்புமனுவோடு சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் காகிதத்தில் அவர் தி.மு.க. வேட்பாளர். ஜெயித்தால் மக்களவைக் கணக்கில் தி.மு.க. எம்.பி. அவர் வீட்டு வாசலில் எந்தக் கொடி பறக்கிறது என்பது தேர்தல் ஆணையத்துக்குத் தேவையில்லாத விஷயம். அந்த பாரம் எவ்வளவு முக்கியம் என்றால், 2014இல் நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளருக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேராமல் மனுவே தள்ளுபடியாகிவிட்டது. அந்தத் தொகுதியில் நோட்டாவுக்கு 46 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது.

இப்போது முதல் கேள்வி. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை என்று ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத்தான் சின்னம் நிரந்தர ஒதுக்கீடு. சூரியன், இரட்டை இலை, கை, தாமரை எல்லாம் அந்த வகை. ம.தி.மு.க.வுக்கு அங்கீகாரம் போய்ப் பல வருஷம் ஆகிறது. அதனால் அவர்களுடைய பழைய சின்னமான பம்பரம் அவர்கள் சொத்து இல்லை. பதிவு மட்டும் செய்த கட்சி தன் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்டால் மக்களவைத் தேர்தலில் குறைந்தது இரண்டு தொகுதியில் நிற்க வேண்டும். ம.தி.மு.க. நின்றது திருச்சி ஒன்றில்தான். கோர்ட் வரை போனார்கள், பம்பரம் கிடைக்கவில்லை. தீப்பெட்டி வந்தது. சிதம்பரம், விழுப்புரம் என்று இரண்டில் நின்ற விடுதலைச் சிறுத்தைகளுக்குப் பானை கிடைத்தது. பா.ஜ.க. அணியில் மூன்றில் நின்ற த.மா.கா.வுக்கு சைக்கிள் கிடைத்தது. நாம் தமிழர் 39 தொகுதியிலும் நின்றும் கரும்பு விவசாயி கைவிட்டுப் போனது, ஏனென்றால் அதற்கு முந்தி விண்ணப்பித்த வேறொரு கட்சிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு மைக்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? இதற்கு எங்கள் விழுப்புரம்தான் நல்ல உதாரணம். 2019இல் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார் இங்கே சூரியனில் நின்று ஜெயித்தார். திருமாவளவன் சிதம்பரத்தில் பானையில் நின்று ஜெயித்தார். கட்சிக்கு எம்.பி. இரண்டு பேர். ஆணையத்தின் கணக்கில் ஒருவர்தான்! மற்றவர் தி.மு.க. அந்த வருஷம் தி.மு.க. வென்ற 24இல் இப்படி நான்கு: விழுப்புரம், ஈரோடு, நாமக்கல், பெரம்பலூர். ஈரோட்டில் ஜெயித்த கணேசமூர்த்தி ம.தி.மு.க.காரர்.

மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் வாங்கப் பல வழி இருக்கிறது. அதில் ஒன்று, மாநிலத்தின் 25 மக்களவைத் தொகுதிக்கு ஓர் இடம், மிச்சத்துக்கும் ஓர் இடம் என்று வெல்வது. நமக்கு 39 தொகுதி, ஆக இரண்டு வேண்டும். 2024இல் சிறுத்தைகள் இரண்டு தொகுதியிலும் பானையிலேயே நின்றார்கள், இரண்டும் கிடைத்தது, 2025 ஜனவரியில் அங்கீகாரமும் வந்தது. பானை இனி அவர்களுடையது. 2024இலும் ஒன்று சூரியனில் போயிருந்தால் இது நடந்திருக்காது. நாம் தமிழர் ஓர் இடம்கூட வெல்லாமல் 8 சதவீத ஓட்டு என்ற வேறு வழியில் அதே சமயத்தில் உள்ளே வந்தார்கள்.

ம.தி.மு.க. பக்கம் இருந்து பாருங்கள். 2019இல் சூரியன், 2021 சட்டமன்றத்தில் நின்ற ஆறு பேரும் சூரியன். கட்சி இருக்கிறது, ஆனால் எந்த மிஷினிலும் இல்லை. அந்தக் கண்ணீரை நான் நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஒரு கணக்கு மட்டும் வைக்கிறேன். 2019இல் ஒரே நாள், ஒரே கூட்டணி, ஒரே கட்சி. விழுப்புரத்தில் சூரியனில் வித்தியாசம் 1,28,068. சிதம்பரத்தில் பானையில் 3,219.

---

துறையூர் பெயின்டர் எழுதியது:

வாத்தியார் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார். சுவரில் நடப்பதை நான் சொல்கிறேன். துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கட்சிச் சுவரெழுத்து எழுதுவது என் பிழைப்பு. பிளெக்ஸ் வந்து பாதியைத் தின்றுவிட்டது, டவுனுக்குள் சுவரில் எழுதவே விடுவதில்லை, கிராமத்துச் சுவர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஓட்டு பெரம்பலூர்த் தொகுதியில். திருச்சித் தொகுதியில் கூப்பிட்டாலும் போவேன்.

எங்கள் தொகுதிக் கதையைக் கேளுங்கள். 2014இல் பாரிவேந்தருக்குத் தாமரை எழுதினேன். 2019இல் அதே பாரிவேந்தருக்கு உதயசூரியன். 2024இல் மறுபடி அதே பெயர், மறுபடி தாமரை. அவர் கட்சி இந்திய ஜனநாயகக் கட்சி. மூன்று தேர்தலில் அந்தக் கட்சியின் சொந்தச் சின்னத்தை ஒரு சுவரிலும் நான் எழுதவில்லை, ஏன் என்றால் கேட்கவே இல்லை. வேட்பாளர் அதே ஆள், செலவும் குறைவில்லை. சூரியனில் நின்றபோது 4 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தாமரையில் இரண்டு தடவையும் மூன்றாம் இடம். வேலூரில் புதிய நீதிக் கட்சியின் ஏ.சி.சண்முகமும் இப்படித்தான்: 2014 தாமரை, 2019 இரட்டை இலை, 2024 தாமரை. பணம் பிடிபட்டுத் தள்ளிப்போய் ஆகஸ்டில் நடந்ததே, அந்த 2019 தேர்தலில் இலையில் நின்றபோதுதான் வெறும் 8,141 ஓட்டில் கோட்டைவிட்டார். இதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரில் எல்லாரும் "சின்னம்தான்யா எல்லாம்" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் சின்னத்துக்குச் சின்னம் கஷ்டம் வேறு. இரட்டை இலை மாதிரி சுலபம் எதுவும் இல்லை, பச்சை ஒன்று போதும், கை பழகினவன் அச்சு இல்லாமலே போட்டுவிடுவான். சூரியனுக்கு இரண்டு மலை, நடுவில் வட்டம், கதிர். பழைய எக்ஸ்ரே ஷீட்டில் வெட்டி வைத்த அச்சு என்னிடம் மூன்று அளவில் இருக்கிறது. தாமரை இழுத்தடிக்கும், ஒரு இதழ் கோணினால் பூவே சாய்ந்த மாதிரி தெரியும். கை எழுதுவதுதான் இருப்பதிலேயே வம்பு. விரல் கொஞ்சம் தடித்தால் ரப்பர் கையுறை மாதிரி ஆகிவிடும், காங்கிரஸ்காரர்கள் அதற்கு மட்டும் வந்து நின்று திருத்தம் சொல்லுவார்கள்.

2014 மாதிரி நிம்மதியான தேர்தலை நான் பார்த்ததில்லை. அ.தி.மு.க. கூட்டணியே இல்லாமல் 39 தொகுதியிலும் தனியாக நின்றது. எந்தத் தொகுதிக்குப் போனாலும் ஒரே அச்சு. எதிரில் பா.ஜ.க. அணியில் தாமரை, முரசு, மாம்பழம், பம்பரம் என்று தொகுதிக்கு ஒன்று. ஒரு ரோட்டில் எழுதிக்கொண்டே போனால் தொகுதி எல்லை தாண்டியதும் டப்பாவை மாற்ற வேண்டும். அந்த அணிக்கு மொத்தம் 18 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, கிடைத்தது இரண்டே இடம்: கன்னியாகுமரியும் தருமபுரியும். தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்யம். இலைக்கு 44 சதவீதம், 37 இடம்.

இப்போது தீப்பெட்டிக்கு வருகிறேன். 2024இல் திருச்சித் தொகுதிக்குள் எனக்குக் கொஞ்சம் சுவர் வந்தது. மார்ச் மாதமே சுண்ணாம்பு அடித்து, ஓரம் கட்டி, வேட்பாளர் பெயர் எழுதியாச்சு. சின்னத்துக்கு மட்டும் வட்டமாக வெள்ளை விட்டு வைத்தோம். பம்பரம் வரும், வரும் என்றார்கள். மனு வாபஸ் வாங்கும் கடைசி நாள் மார்ச் 30, அன்றைக்குத்தான் சின்னம் முடிவாகும். தீப்பெட்டி என்று போன் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீப்பெட்டியை நேராக வரைந்தால் வெறும் கட்டம். தூரத்தில் இருந்து பார்த்தால் செங்கல்லா, சோப்பா என்று தெரியாது. சாய்த்து, பெட்டியைப் பாதி திறந்து, உள்ளே குச்சி தெரிகிற மாதிரி போட்டால்தான் தீப்பெட்டி. ஒரு வட்டத்துக்கு சூரியனைவிட மூன்று மடங்கு நேரம். ஏப்ரல் 17 சாயங்காலத்தோடு பிரசாரம் முடிகிறது, 19ஆம் தேதி ஓட்டு. கையில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நாங்கள் சுவரில் எழுதுவது கலரில். மிஷினில் இருப்பது கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம். சூரியனைக் கறுப்பில் பார்த்தாலும் கண் கண்டுபிடித்துவிடும், பத்து முப்பது வருஷப் பழக்கம். புதுச் சின்னத்தைச் சிவப்பு மஞ்சளில் பார்த்துப் பழகிவிட்டு உள்ளே போனால் கொஞ்சம் முழிக்கத்தான் வேண்டும். அதனால் நான் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுவரில் மட்டும் கறுப்பில் எழுதினேன், காசு சேர்த்துக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, அங்கீகாரம் இல்லாத கட்சி என்றால் பெயர் வரிசையிலும் பெரிய கட்சிகளுக்குக் கீழேதான் வரும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் சின்னம்தான் எல்லாம் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், தீப்பெட்டிக்கு அந்தக் கொஞ்ச நாளில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வீடு வீடாகக் கொண்டுபோனது ம.தி.மு.க.காரர்கள் மட்டும் இல்லை, அவர்களுக்கு எல்லா ஊரிலும் ஆள் ஏது? தி.மு.க. கிளைச் செயலாளர்கள் நிஜத் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அட்டையில் செய்த மாதிரி மிஷினை டீக்கடை பெஞ்சில் வைத்து, இத்தனாவது பட்டன் என்று கிழவிகளை அமுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். மாவட்ட மந்திரி சொல்லிவிட்டார், செய்தார்கள்.

1996இலும் இதேதான். நான் மேஸ்திரிக்குக் கலர் கலக்கிக் கொடுக்கும் பையன் அப்போது. மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வந்து த.மா.கா. ஆரம்பித்த சில வாரத்தில் தேர்தல். சைக்கிள் என்று ஒரு சின்னம். ரஜினி சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டினார்கள். அந்தக் கட்சி மட்டும் 20 எம்.பி. ஜெயித்தது, தி.மு.க. 17, இந்தியக் கம்யூனிஸ்ட் 2, மொத்தமும் 39. வாட்ஸ்அப் எங்கே இருந்தது அன்றைக்கு?

ஆக, பக்கத்துக் கட்சிக்காரன் மனசு வைத்தால் எந்தச் சின்னமும் போய்ச் சேரும். வைக்காவிட்டால் சேராது, பழி சின்னத்தின் மேல் விழும்.

(அந்தத் தீப்பெட்டிச் சுவர்களுக்குக் காசு ஒழுங்காக வந்துவிட்டது. அதே தேர்தலில் இன்னொரு கட்சிக்கு எழுதியதில் பாதிதான் வந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அடுத்த தேர்தலும் இருக்கிறது.)

---

புவனகிரி வாசகன் எழுதியது:

வாத்தியார் ஐயா வைத்த 3,219 கணக்கைப் பார்த்துச் சும்மா போக முடியவில்லை. நான் சிதம்பரம் தொகுதி வாக்காளர்.

பானை புதுசு என்பதால் ஓட்டு குறைந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைகூட இல்லை. விழுப்புரத்தில் சூரியனுக்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனையோ பேருக்கு வேட்பாளர் எந்தக் கட்சி என்பதை யோசிக்காமல் போட வசதி இருந்தது. சிதம்பரத்தில் அந்த வசதி இல்லை. பானை என்றால் திருமா. திருமா என்றால் எந்தக் கட்சி, எந்த ஜனங்களின் தலைவர் என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தேர்தலன்று பொன்பரப்பியில் பானையை ரோட்டில் போட்டு உடைத்ததில் ஆரம்பித்த மோதல், தலித் மக்களின் வீடுகளைத் தாக்குவதில் போய் முடிந்தது. சின்னம் அடையாளம் தெரியாமல் யாரும் அதை உடைக்கவில்லை.

பெயின்டர் அண்ணன் சொல்வதுதான் சரி, ஆனால் ஒரு படி மேலே போய்ச் சொல்ல வேண்டும். மனசு வைப்பது என்பதிலும் சாதி இருக்கிறது. தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை எல்லா ஊரிலும் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தனிச் சின்னம் வேண்டும் என்று சிறுத்தைகள் பிடிவாதம் பிடித்ததற்கு அங்கீகாரம் ஒரு காரணம். இன்னொருவர் சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஜெயித்தோம் என்ற பேச்சு வேண்டாம் என்பது இன்னொரு காரணம், எங்கள் பக்கம் அதைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள்.

2024இல் அதே பானை, அதே வேட்பாளர், வித்தியாசம் 1 லட்சத்தைத் தாண்டியது. எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது உண்மை, அ.தி.மு.க. தனி, பா.ஜ.க. தனி. விழுப்புரத்திலும் அப்படித்தான், பா.ம.க. இந்தத் தடவை பா.ஜ.க. பக்கம் போய்விட்டது. இருந்தும் அங்கே பானையில் 70 ஆயிரத்துச் சொச்சம்தான், சூரியனில் வந்ததைவிடக் குறைவு. இதற்கு என்ன சொல்வீர்கள் என்று வாத்தியார் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன்.

---

வளவனூர் வாத்தியார் எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வெறும் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், நடுவில் இருந்த ஊர்களை நீங்கள் காட்டிவிட்டீர்கள்.

விழுப்புரம் 2024 பற்றி: 2019இல் எதிரில் இருந்தது பா.ம.க.வின் மாம்பழம், 2024இல் இரண்டாம் இடம் வந்தது இரட்டை இலை. எதிராளியே வேறு. அதனால் குறைந்த 57 ஆயிரத்துச் சொச்சத்தில் பானைக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு என்று பிரிக்க வழி இல்லை. சூரியனில் நின்றிருந்தால் கொஞ்சம் கூடியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. பத்து, இருபதாயிரம் ஓட்டைக் கொடுத்து ஓர் அங்கீகாரத்தை வாங்கியிருக்கிறார்கள் என்றால் அது நல்ல வியாபாரம். தோற்றிருந்தால் இதையே முட்டாள்தனம் என்று நானே எழுதியிருப்பேன்.

---

பரமக்குடி டீக்கடை எழுதியது:

சின்னத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ராமநாதபுரத்தை விட்டால் எப்படி?

ஓ. பன்னீர்செல்வம், மூன்று தடவை முதலமைச்சராக இருந்தவர், இரட்டை இலை கையை விட்டுப் போய், பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு சுயேச்சையாக எங்கள் தொகுதியில் வந்து நின்றார். மனுத்தாக்கல் முடிந்து பார்த்தால் அதே பெயர், அதே இனிஷியலில் இன்னும் ஐந்து பேர்! ஆறு ஓ. பன்னீர்செல்வமும் சுயேச்சை, வரிசையும் அகர வரிசை, அப்புறம் கேட்க வேண்டுமா. நல்லவேளை, 2015இலிருந்து மிஷினில் வேட்பாளர் போட்டோ இருக்கிறது, இல்லாவிட்டால் அவருடைய சொந்தக்காரர்களே தடுமாறியிருப்பார்கள். அவருக்குக் கிடைத்தது பலாப்பழம். எங்கள் ஜில்லாவில் பனை உண்டு, கருவேலம் உண்டு, பலாவை யார் கண்டது? பண்ருட்டிப் பக்கமிருந்து வண்டியில் வந்தால்தான் உண்டு.

ஆனால் பெயின்டர் அண்ணன் சொன்ன அதே இரண்டரை வாரத்தில் பலாப்பழத்துக்கு 3,42,882 ஓட்டு. இரண்டாம் இடம். இரட்டை இலை மூன்றாம் இடத்துக்குப் போனது. மற்ற ஐந்து பேரும் சேர்ந்தும் கணக்கை மாற்றும் அளவுக்கு வாங்கவில்லை. ஜெயித்தது நவாஸ் கனி, அவருக்கு ஏணி. முஸ்லிம் லீக் கேரளத்தில் அங்கீகாரம் உள்ள கட்சி, அதனால் அந்த ஏணி இங்கேயும் வந்து ஏறிவிட்டது. ஆக எங்கள் மிஷினிலும் சூரியன் இல்லை, கை இல்லை, தாமரை இல்லை. கந்தர்வகோட்டைத் தம்பியின் அப்பத்தாவுக்கு நாங்கள் துணை.

ஒரே ஒரு சந்தேகம். பலாப்பழத்துக்கு விழுந்தது ஆளுக்கு விழுந்த ஓட்டா, சாதிக்கு விழுந்ததா, பா.ஜ.க. கூட்டணிக்கு விழுந்ததா? கடையில் இன்னும் அடிதடி ஓயவில்லை.

---

துறையூர் பெயின்டர் எழுதியது:

பரமக்குடி அண்ணே, இலைக்காரர்களுக்கே இது புதுசு இல்லையே. அந்த இரட்டை இலையே ஓர் எம்.பி. இடைத்தேர்தலில் புதுசாக வந்த சின்னம்தான், 1973 திண்டுக்கல், மாயத்தேவர். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அப்புறம் அவர் மறைந்து கட்சி உடைந்தபோது 1989இல் சேவல் ஒரு பக்கம், இரட்டைப் புறா ஒரு பக்கம். 2017 ஆர்.கே. நகரில் மறுபடி இலை முடங்கி, இதே ஓ.பி.எஸ். அணிக்கு இரட்டை மின்கம்பம். எங்கள் மேஸ்திரி சேவல் எழுதின அச்சை ரொம்ப நாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது என்பார்.

---

கந்தர்வகோட்டைப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சிறுத்தைகளின் இரண்டு எம்.பி. ஆணையத்தின் கணக்கில் ஒன்றாகிப் போனது எனக்கு இதுவரை தெரியாது, முதல் கேள்விக்கு அதுவே போதும்.

கடைசியாக ஒன்று. நாமக்கல்லில் 2024இல் ஜெயித்தவர் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, ஆனால் சூரியனில் நின்றார். அப்படியானால் தி.மு.க.வுக்கு 22 எம்.பி. என்று டி.வி.யில் சொல்வதில் அவரும் உண்டா?

---

வளவனூர் வாத்தியார் எழுதியது:

உண்டு. 21 பேர் சொந்தக் கட்சி, ஒருவர் நாமக்கல். கொறடா உத்தரவு வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான்.